மினியாபொலிஸ் ஃபர்ஸ்ட் அவென்யூவுக்குப் பாட்டுக் கேட்கப் போவது எப்படி

மினியாபொலிஸ் பக்கம் குடியிருக்கும் தமிழர் வீடுகளில், ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். மால் ஆஃப் அமெரிக்கா, மினஹாஹா அருவி, மேப்பிள் குரோவ் கோயில். கோயிலிலேயே சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வந்து படுத்துவிடலாம். என் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: ஃபர்ஸ்ட் அவென்யூ. டவுன்டவுனில், அதே பெயருள்ள தெருவும் ஏழாம் தெருவும் சந்திக்கிற மூலையில், கறுப்புச் சுவர் முழுக்க, அங்கே வாசித்தவர்களின் பெயர் எழுதிய நட்சத்திரங்களாக இருக்கிற கட்டடம். 1970-லிருந்து அங்கே கச்சேரி நடக்கிறது. "நைட் கிளப்பா? நம்மாட்கள் போகலாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. தாராளமாகப் போகலாம். எப்படிப் போனால் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே கால் வைத்ததும் "என்ன இது, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கே" என்று தோன்றினால், சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. 1937-இல் கிரேஹவுண்ட் பஸ் நிலையமாகக் கட்டியது. வளைந்த மூலை, கட்டம் போட்ட டெராசோ தரை (நம்மூர் மொசைக் மாதிரி), பயணிகளுக்குக் குளியலறை, அந்தக் காலத்திலேயே ஏ.சி. என்று பகட்டாகத்தான் கட்டியிருக்கிறார்கள். 1968-இல் பஸ்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. தபால் வழி விற்பனையில் பணம் பார்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஆலன் ஃபிங்கர்ஹட் அதை எடுத்து, 'தி டிப்போ' என்று பெயர் வைத்து 1970 ஏப்ரல் 3 அன்று திறந்தார். முதல் நாள் பாடியவர் ஜோ காக்கர். டிப்போ நெடுநாள் ஓடவில்லை. 1972-இல் அது 'அங்கிள் சாம்ஸ்' என்ற டிஸ்கோவானது. பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு கம்பெனியின் கடை. 1980-இல் பெயர் 'சாம்ஸ்' என்று சுருங்கியது, 1981 முடிகிற ராத்திரியில் 'ஃபர்ஸ்ட் அவென்யூ' ஆனது. யாரைக் கூப்பிட்டுப் பாட வைப்பது என்பதை ஸ்டீவ் மெக்லெல்லனும் கணக்கு வழக்கை ஜாக் மேயர்ஸும் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு பிரின்ஸ், இந்த ஊர்ப் பாடகர். இதைச் சொல்லாமல் விட்டால் உள்ளூர்க்காரர்கள் என்னோடு பேசமாட்டார்கள். 1983 ஆகஸ்ட் 3 அன்று மினசோட்டா டான்ஸ் தியேட்டருக்கு நிதி திரட்ட பிரின்ஸ் இங்கே ஒரு கச்சேரி செய்தார். வெளியே ஒலிப்பதிவு வண்டி நின்றது. கிட்டார் வாசித்த வெண்டி மெல்வாய்னுக்கு வயது பத்தொன்பது. அந்தக் குழுவோடு அவர் ஏறிய முதல் மேடை அது. அன்று பதிவான பாட்டுகளில் மூன்று, பின்னால் கொஞ்சம் வெட்டி ஒட்டி, அடுத்த வருடம் வந்த 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தில் இடம்பிடித்தன. தலைப்புப் பாட்டும் அதில் ஒன்று. அதே பெயரில் வந்த சினிமாப் படத்தின் கச்சேரிக் காட்சிகளையும் இந்த மேடையில்தான் எடுத்தார்கள். 2016 ஏப்ரலில் பிரின்ஸ் இறந்தபோது இந்தத் தெருவை அடைத்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். உள்ளே விடிய விடிய ஆட்டம், அடுத்தடுத்த ராத்திரிகளிலும். அப்போது யாரோ, பெயர் சொல்லாமல், சுவரில் அவருடைய நட்சத்திரத்தை மட்டும் தங்க நிறமாக்கிவிட்டுப் போனார்கள். மற்றதெல்லாம் வெள்ளிநிறத்தில் இருக்க அது ஒன்று மட்டும் மின்னுவதால் தேட வேண்டியிருக்காது.

என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது அந்த நட்சத்திரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டான். எட்டாம் தெரு மூலையில் பார்க்கிங் ரேம்ப் (கார் நிறுத்தும் அடுக்குமாடிக் கட்டடம்) சுவரில் 2022-இல் வரைந்த பிரம்மாண்டமான பிரின்ஸ் ஓவியத்தையும் எடுத்தான். அப்புறம், "அவ்வளவுதானேக்கா, கிளம்பலாமா?" என்றான்.

"எங்கடா கிளம்புற? இன்னும் உள்ளயே போகல."

"யார் பாடுறாங்க?"

"எனக்கும் தெரியாது. வா."

நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான். வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு இது நினைவிடம் இல்லை. இன்றைக்கும் வாரத்தில் பெரும்பாலான ராத்திரிகளில் யாராவது ஒருவர் அங்கே மைக் முன்னால் நிற்கிறார். பிரின்ஸே 1981 மார்ச்சில் முதல் தடவை இங்கே வாசித்தபோது உலகம் அறிந்த ஆள் இல்லை. பிரின்ஸ் வாழ்ந்த இடத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால் சான்ஹாசனில் பெயிஸ்லி பார்க் இருக்கிறது, பகலில் டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஃபர்ஸ்ட் அவென்யூவுக்கு ராத்திரியில்தான் போக வேண்டும்.

எந்த ஷோவுக்குப் போவது

ஒரே கட்டடத்தில் இரண்டு அரங்கம். பெரியது மெயின் ரூம்: சுமார் 1,550 பேர் கொள்ளும். சின்னது செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி: 250 பேர். என்ட்ரிக்கு வாசல் ஏழாம் தெருப் பக்கம், தனியாக. டிக்கெட்டில் எது என்று போட்டிருக்கும், அதைக் கவனியுங்கள். தப்பான வரிசையில் நின்று குளிரில் விறைத்துப்போன பிறகு "அந்த வாசல்" என்று கைகாட்டுவார்கள். இதே நிறுவனம் டர்ஃப் கிளப், ஃபைன் லைன், பேலஸ் தியேட்டர் என்று வேறு அரங்குகளையும் நடத்துகிறது. அவர்களுடைய நிகழ்ச்சிப் பட்டியலில் எல்லாம் கலந்தே வரும். சிலது பக்கத்து நகரமான செயின்ட் பாலில். வாங்குவதற்கு முன் இடத்தின் பெயரைப் பாருங்கள்.

முதல் தடவைக்கு என் யோசனை: உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த பெரிய பெயர் மெயின் ரூமுக்கு வருகிறதென்றால் அதற்குப் போங்கள், தப்பில்லை. இரண்டாம் தடவை கண்டிப்பாக என்ட்ரிக்கு, கேள்விப்பட்டே இராத குழுவுக்கு, அதுவும் செவ்வாய் புதன் மாதிரி ஒரு வாரநாளில். விலை பெரும்பாலும் கணிசமாகக் குறைவு. பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு பீட்சா காசு. பிடித்துவிட்டால், பத்தடி தூரத்தில் டிரம்ஸ் வாசிக்கிறவரின் நெற்றி வியர்வை வரை பார்த்த ஆள் நீங்கள். ஹஸ்கர் டூ என்ற குழு 1981 ஆகஸ்டில் தங்கள் முதல் ஆல்பத்தை இந்தச் சின்ன அறையில்தான் நேரடியாகப் பதிவு செய்தது. ரீப்ளேஸ்மென்ட்ஸ், சோல் அசைலம் எல்லாம் இங்கே வாசித்து வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள்.

எந்தப் பெயரும் புரியவில்லை என்றால் இரண்டு வழி. 89.3 எஃப்.எம்.மில் 'தி கரன்ட்' கேளுங்கள். மினசோட்டா பொது வானொலியின் இசை அலைவரிசை; உள்ளூர்க் குழுக்களைத் தாராளமாகப் போடுவார்கள், அவர்களில் பலரும் ஒரு மாதத்துக்குள் என்ட்ரியில் நிற்பார்கள். இரண்டாவது, வருடத் தொடக்கத்தில் மெயின் ரூமில் 'பெஸ்ட் நியூ பேண்ட்ஸ்' என்று ஒரு ராத்திரி வைப்பார்கள். முந்தின வருடம் தலையெடுத்த உள்ளூர்க் குழுக்கள் வரிசையாக ஏறி ஆளுக்குக் கொஞ்ச நேரம் வாசிக்கும். ஒரே டிக்கெட்டில் சாப்பாட்டு இலை முழுக்கத் தொட்டுப் பார்த்த மாதிரி.

டிக்கெட்டை அவர்களுடைய தளத்திலிருந்தே வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது மறுவிற்பனைக்காரர்கள்தான். மினசோட்டாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: கட்டணம் எல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும், கையில் இல்லாத டிக்கெட்டை இருப்பதுபோல் விற்கக் கூடாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது. நேரடியாக வாங்குவது நல்லது.

இன்னொன்று, இங்கே வாங்கும் டிக்கெட்டை நான் தானமாக நினைப்பதில்லை, ஆனால் அது எங்கே போகிறது என்று தெரியும். 2004 நவம்பரில் இந்த இடம் திவாலாகிக் கதவை மூடிவிட்டது. அதே மாதம் புது உரிமையாளர்களோடு திறந்தது. பைரன் ஃபிராங்க் அதில் முக்கியமானவர். பிறகு பொறுப்புக்கு வந்த அவர் மகள் டேனா ஃபிராங்க், 2020-இல் கொரோனாவால் நாடு முழுக்க அரங்குகள் மூடிக்கிடந்தபோது பெரிய கம்பெனிகளைச் சாராத தனி அரங்குகளுக்கென்று ஒரு சங்கம் உருவாக்க முன்னின்று அதன் முதல் தலைவரானார். அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அரங்குகளுக்கென்று 1,500 கோடி டாலர் ஒதுக்கியதற்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் நச்சரிப்பு உண்டு. மசோதாவை முன்வைத்தவர்களில் ஒருவர் எங்கள் மாநில செனட்டர் ஏமி குளோபச்சர்.

ஐடி, உடுப்பு, சாப்பாடு

ஒவ்வொரு ஷோவுக்கும் வயது வரம்பு தனித்தனி. எல்லா வயதும், 18-க்கு மேல், 21-க்கு மேல் என்று டிக்கெட் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போக எண்ணினால் முதலில் அதைப் பாருங்கள். மது வாங்க 21 ஆகியிருக்க வேண்டும். நரைத்த தலைக்கும் ஐடி கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துக் கூட்டிப் போங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்பிப் போகாதீர்கள். மது விற்கும்போது வயதுக்கு அத்தாட்சியாக மினசோட்டா சட்டம் வெளிநாட்டவரிடம் ஏற்பது பாஸ்போர்ட்டைத்தான். ஃபோனில் இருக்கும் பாஸ்போர்ட் போட்டோ அத்தாட்சி ஆகாது. வேட்டியோ சேலையோ கட்டிக்கொண்டு வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கூட்டத்தில் முந்தானை மிதிபடும். ஜீன்ஸும் டி-சர்ட்டும்தான் வசதி.

இந்த ஊரில் உடுப்புப் பிரச்சினை உண்மையில் கோட்டுப் பிரச்சினை. ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி, உள்ளே ஆயிரம் பேர் மூச்சு. முழங்கால் வரை வரும் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்க முடியாது, கீழே போட்டால், பூட்ஸில் ஒட்டி வந்த தெருப்பனியும் உப்பும் உருகிய தண்ணீரில் ஊறிவிடும். மூன்று வழி. கோட்டு வைத்துக்கொள்ளும் கவுன்டர் இருக்கிறது, காசு கொடுத்து வைத்துவிடலாம். நான் இப்போது செய்வது அதைத்தான். இரண்டு, அடுத்த தெருவில் காரை நிறுத்தியிருந்தால் கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடி வருவது. உள்ளூர்ப் பையன்கள் மைனஸ் இருபதிலும் டி-சர்ட்டோடு ஓடுவார்கள். நமக்கு அது வேண்டாம், கிளம்பும்போது வியர்த்த உடம்போடு அதே தூரம் நடக்க வேண்டும். மூன்று, தடித்த கோட்டுக்குப் பதிலாக இறகு அடைத்த மெல்லிய டவுன் ஜாக்கெட், உள்ளே ஒரு தெர்மல். கழற்றிச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். தொப்பி, கையுறை, மஃப்ளர் மூன்றையும் கோட்டுக் கைக்குள் திணித்துக் கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் தனியாகத் தொலையும்.

செருப்பு, ஹீல்ஸ் கூடாது. நான் சொன்ன அந்த டெராசோ தரை பார்க்க அழகு, காலுக்கு எமன். முன்னணிக் குழு, அதற்கு முன் ஒன்றிரண்டு குழுக்கள், நடுவில் மேடை மாற்றும் நேரம் எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பெரும்பாலான ஷோக்களில் நின்றபடிதான். முட்டி வலி உள்ளவர்களோ நிற்க முடியாதவர்களோ வந்தால் டிக்கெட் வாங்கும்போதே அரங்குக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். வந்து நின்று கேட்பதைவிட அது எளிது.

சாப்பாடு: சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கட்டடத்திலேயே டிப்போ டேவர்ன் என்று ஓர் உணவகம் இருக்கிறது, பர்கர், ஹாட் டாக் ரகம். நான் வீட்டில் தயிர்சாதமும் மாவடுவும் முடித்துக்கொண்டு கிளம்புகிற கட்சி. வயிறு கலவரம் செய்யாது, தாகமும் எடுக்காது. குடிக்காதவர்கள் பாரில் தண்ணீரோ சோடாவோ கேட்கலாம், யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: மினசோட்டாவில் 2022-லிருந்து டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கலந்த பானங்கள் சட்டப்படி விற்கிறார்கள், பார்களிலும் கிடைக்கும். எலுமிச்சை சோடா கேன் போலவே இருக்கும். கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாயில் வையுங்கள்; முக்கியமாக, ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் முன். பாரில் ஒரு பானத்துக்கு ஒரு டாலராவது டிப்ஸ் வையுங்கள். இங்கே வேலை பார்ப்பவர்கள் 2023-இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள், நிர்வாகம் இழுத்தடிக்காமல் ஏற்றுக்கொண்டது. அதற்காக டிப்ஸை விட்டுவிட வேண்டாம்.

போய்ச் சேர்வது

விமான நிலையம், மால் பக்கத்திலிருந்து புளூ லைன் ரயில், செயின்ட் பாலிலிருந்து கிரீன் லைன் ரயில். இரண்டும் ஐந்தாம் தெருவில் வேர்ஹவுஸ் டிஸ்ட்ரிக்ட் நிலையத்தில் நிற்கும். இறங்கி ஏழாம் தெருவை நோக்கி இரண்டு பிளாக் நடந்தால் கறுப்புச் சுவர் தெரியும். திரும்பி வரக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்களுக்குச் சுற்றிலும் பார்க்கிங் ரேம்ப் உண்டு. ஆனால் எதிரிலேயே டார்கெட் சென்டர் விளையாட்டரங்கம். உள்ளூர்க் கூடைப்பந்து அணியான டிம்பர்வுல்வ்ஸ் விளையாடுகிற ராத்திரி என்றால் ரேம்ப் விலை எகிறும், வெளியே வரவே அரை மணி ஆகும். ஷோ தேதியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது பத்து வினாடி வேலை. ஸ்கைவே (கட்டடங்களை மாடியில் இணைக்கும் மூடிய நடைபாதை) வழியாகக் குளிரில்லாமல் நடந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ராத்திரியில் அதன் பல பகுதிகளைப் பூட்டிவிடுவார்கள்.

டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும்: கதவு திறப்பது ஒன்று, ஷோ தொடங்குவது ஒன்று. ஷோ நேரத்துக்கு ஏறுவது முதல் குழுதான். நீங்கள் பார்க்க வந்தவர் அதற்கு ஒன்றரை மணி கழித்து வரலாம். நம்மாட்கள் இந்த ரகசியம் தெரிந்ததும் தாமதமாகப் போக ஆரம்பிப்பார்கள். வேண்டாம். முதலில் ஏறும் குழு பெரும்பாலும் உள்ளூர்க் குழு. கூட்டமும் அப்போது குறைவு, நல்ல இடம் பிடிக்கலாம்.

காது

இதற்குத்தான் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் நம்மாட்கள் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். வேலையிடப் பாதுகாப்பு வகுப்பில் எங்களுக்குச் சொன்ன கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம். ராக் கச்சேரி 100-ஐச் சாதாரணமாகத் தொடும். மீதி இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் காது கடன் வாங்குகிறது, அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது.

மருந்துக் கடையில் நுரை இயர் பிளக் ஒரு டப்பா வாங்குங்கள். பெரும்பாலோர் அதைக் காதின் வாசலில் சொருகிவிட்டு "ஒன்றும் கேட்காமல் போய்விட்டது, பாட்டு மந்தமாக இருக்கிறது" என்று எடுத்துவிடுவார்கள். போடுகிற முறை வேறு. சுத்தமான விரலால் அதை ஊதுபத்திக் குச்சி கனத்துக்கு உருட்டி இறுக்குங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடியுங்கள். அப்போது காதுக்குழாய் நேராகும். உருட்டியதை உள்ளே நுழைத்து, அது விரிகிற வரை, இருபது முப்பது எண்ணுகிற நேரம், விரல் நுனியால் அழுத்திப் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் உங்கள் குரலே மண்டைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். பாட்டு மந்தமாகத் தெரிவது பிடிக்காதவர்கள் இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் சிலிக்கான் வகையை வாங்கலாம். எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாடகர் சொல்லும் சொல் புரியும். இரண்டும் என் பையில் இருக்கும். கூட வருகிறவர்கள் "எனக்கு வேண்டாம்" என்பார்கள், இரண்டாம் பாட்டில் கை நீட்டுவார்கள்.

ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் ரகம் கட்டாயம்.

எங்கே நிற்பது

நான் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. மினசோட்டாவோ நார்வே, சுவீடன், ஜெர்மனிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஊர், முன்னால் நிற்பவரின் முதுகுதான் எனக்குக் கச்சேரி. ஆகவே மெயின் ரூமில் என் வழி, கதவு திறந்ததும் நேரே மாடிக்குப் போய்க் கம்பியோரம் ஓர் இடம் பிடிப்பது. மேலிருந்து பார்த்தால் மேடை முழுசாகத் தெரியும், கீழே கூட்டம் ஆடுவதும் தெரியும், பாதிக் கச்சேரி அதுதான். ஆனால் கம்பியோரத்தை விட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்ப அந்த இடம் உங்களுடையது அல்ல. இரண்டு பேராகப் போனால் முறை வைத்துக்கொள்ளலாம். சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்கிறவர்கள் கீழே, சவுண்ட் டெஸ்க்குக்கு முன்னால் நடு இடத்தில் நில்லுங்கள். பொறியாளர் தன் காதுக்குச் சரிசெய்வதுதான் உங்களுக்கும் வரும். மேடைக்கு நேர் முன்னால் ஆடுகிறவர்களுக்கு. பங்க், மெட்டல் ராத்திரிகளில் அங்கே இடிபடுவார்கள், விழுந்தால் உடனே நாலு கை தூக்கிவிடும்.

மெயின் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. குழு ஏறும் முன் மேடையை ஒரு வெள்ளைத் திரை மறைத்திருக்கும், அதில் பாட்டு வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்கள் பேசிக்கொண்டும் ஃபோனைத் தடவிக்கொண்டும் இருப்பார்கள். பிறகு வீடியோ நிற்கும், விளக்கு அணையும், திரை கீழிருந்து மெல்ல மேலே சுருளும். முதலில் மானிட்டர் பெட்டிகள், கீழே கிடக்கும் வயர்கள், அப்புறம் நிற்கிறவர்களின் ஷூ, முழங்கால், கிட்டாரின் அடிப்பக்கம். முகம் தெரிவதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் பாரில் பில் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். என் தம்பி சினிமாக் கொட்டகையில் முதல் நாள் முதல் காட்சி பார்க்கிறவன். அவனே "இது நல்லா இருக்கேக்கா" என்று ஒத்துக்கொண்டான்.

கூட்டத்தில் நகர வேண்டுமென்றால் தோளில் தொட்டு "ஸாரி" சொன்னால் போதும். இவர்கள் தாங்கள் இடிபட்டாலும் தாங்களே மன்னிப்புக் கேட்கிற ஆட்கள். பாட்டு நடுவே ஊர்க்கதை பேசாதீர்கள். மெயின் ரூமில் அது கொஞ்சம் கரையும், என்ட்ரியில் மேடை வரை கேட்கும். முழுக் கச்சேரியையும் ஃபோனில் பிடிக்கவும் வேண்டாம். ஒரு பாட்டு எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள், பின்னால் நிற்கிற குட்டைப் பெண்களின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்பார்கள். நான் போகிறேன். யாராவது தொல்லை கொடுத்தால் பாரில் இருப்பவரிடமோ செக்யூரிட்டியிடமோ உடனே சொல்லுங்கள், தயங்காதீர்கள். தெருவில் நள்ளிரவில் தனியாக வெகுதூரம் நடக்க மட்டும் நான் சொல்லமாட்டேன், காரோ ரயிலோ பக்கத்தில் இருக்கட்டும்.

என்ட்ரியில் இவ்வளவு யோசனை தேவையில்லை. கறுப்புச் சுவர், தாழ்ந்த மேடை, எங்கே நின்றாலும் பக்கம்தான். வாசித்து முடித்தவர்கள் தங்கள் ஆம்ப் பெட்டியை (கிட்டார் ஒலிபெருக்கி) தாங்களே தூக்கிக்கொண்டு இறங்கி, பத்து நிமிடத்தில் டி-சர்ட் விற்கிற மேசைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அங்கே போய்ப் பேசுங்கள். "நன்றாக வாசித்தீர்கள்" என்று ஒரு வரி போதும். பிடித்திருந்தால் ஒரு டி-சர்ட்டோ இசைத்தட்டோ வாங்குங்கள். ஊர் ஊராக வேன் ஓட்டிக்கொண்டு போகிற குழுக்களுக்குப் பெட்ரோல் காசு பெரும்பாலும் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. தம்பி அன்றைக்கு வாங்கிய டி-சர்ட்டில் இருக்கும் குழுவின் பெயரைக் கோயம்புத்தூரில் இதுவரை ஒருவரும் சரியாகப் படிக்கவில்லையாம்.

முடிந்ததும் கோட்டு கவுன்டரில் வரிசை நீளும். அதற்காகக் கடைசிப் பாட்டை விட்டுவிட்டு ஓடாதீர்கள், எப்படியும் ரேம்ப்பில் நிற்கத்தான் போகிறீர்கள். மேசைப் பக்கம் போய்விட்டு வந்தால் வரிசை பாதியாகியிருக்கும். இயர் பிளக்கைத் தெருவுக்கு வந்த பிறகு எடுங்கள். மறுநாள் காலையிலும் காதில் ரீங்காரம் இருந்தால் அன்று முழுக்க ஹெட்ஃபோன் வேண்டாம், அதற்கடுத்த நாளும் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.